போகிற போக்கில் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி கேட்ட சகோதரி மலேசியாவில் உள்ள ஈப்போவிலிருந்து எழுதியிருக்கிறார். டிசம்பர் இரண்டாம் வாரம் 68 வயது அம்மாவோடு சென்னையில் வந்து இறங்குகிறார். அம்மாவுக்கு மூட்டு வலி. கையில் 24 நாள். மதுரை, ராமேஸ்வரம், காசி, ஆக்ரா, டெல்லி எல்லாம் பார்க்க வேண்டும். இருவருமே இந்தியாவுக்கு இதுதான் முதல் தடவை. எந்த ரயில் நல்லது, ஜப்பானில் இருப்பது மாதிரி பாஸ் ஏதும் உண்டா, ஒவ்வொரு ஊரிலும் இறங்கிய பிறகு அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கிறார். ரயில் பெயர் கேட்பது போலத் தெரிந்தாலும், அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இந்தப் பயணத்தில் எதை இப்போதே முடிச்சுப் போட வேண்டும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

நான் ரயில்வேயில் 31 வருஷம் வேலை பார்த்தவன். முதல் சில வருஷம் முன்பதிவுக் கவுன்டரில். பிறகு கடைசிவரை கறுப்புக் கோட்டுப் போட்ட டி.டி.இ., அதாவது டிக்கெட் பரிசோதகர்; பெரும்பாலும் சென்னை–விஜயவாடா மார்க்கம். ஓய்வு பெற்ற பிறகும் சொந்தபந்தத்தில் பாதிப் பேருக்கு நான்தான் டிக்கெட் எடுத்துத் தருகிறேன். அதனால் பெர்த் (படுக்கை), சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற இறுதிப் பட்டியல்), வெயிட்டிங் லிஸ்ட் (காத்திருப்போர் பட்டியல்) பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஆனால் கடந்த இரண்டு வருஷமாக முன்பதிவு விதிகளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விமானம், ஓட்டல் விஷயத்தில் நானும் உங்களைப் போல ஒரு சாதாரணப் பயணிதான்.

முதலில் பாஸ். இண்ட்ரெயில் பாஸ் என்று ஒன்று வெளிநாட்டவருக்காக இருந்தது. அதை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகின்றன. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இன்னும் இருக்கும், தேடி அலையாதீர்கள். அடுத்தது, போகிற போக்கில் டிக்கெட். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு இ.டி.எஸ். விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் போய்விடுகிறீர்கள். ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி. இங்கே சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் நடுவில் ஒரு முழுப் பகல், இன்னொரு இரவு. மொத்தம் 33 மணி நேரம் ஆகும். கன்னியாகுமரிக்கும் அசாமில் இருக்கும் திப்ருகருக்கும் நடுவே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, மூன்று நாளுக்கு மேல் ஆகிறது. இத்தனை தூரம் உட்கார்ந்துகொண்டே போக முடியாது, படுக்க இடம் வேண்டும். படுக்கை எண்ணிக்கைக்கு அளவு உண்டு, போகிறவர் கூட்டத்துக்கு அளவில்லை. இங்கே பயணத் திட்டம் என்பதே பெர்த் கிடைப்பதைச் சுற்றித்தான்.

அதிலும் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது டிசம்பர். ஐயப்பன் சீசன், அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வரிசையாக வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கூட்டம் ஜனவரியில். டிசம்பரில் ராத்திரி வண்டியில் இரண்டு பெர்த்தை அன்றைக்குப் போய் வாங்குவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு இரவோ அதற்கு மேலோ ஆகிற பயணங்கள் எல்லாவற்றையும் ஊரிலிருந்தே முடித்துவிட்டு வாருங்கள். ஐந்தாறு மணி நேரத்துக்குள் முடிகிற பயணங்களை அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். இது என் அனுபவக் கணக்கு, சட்டம் அல்ல. ஆனால் இதை மீறி நிம்மதியாகப் போய் வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எப்போது முடிப்பது? முன்பு 120 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள்தான், பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல். காலை 8 மணிக்குத் திறக்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தனிக் கோட்டா உண்டு. அதற்கு 365 நாள் முன்பே எடுக்கலாம்; 120-ஐ 60 ஆக்கியபோது அதைத் தொடவில்லை. உங்களுக்கு ஒரு முட்டுக்கட்டையும் இருக்கிறது, அதுதான் ஆதார், இந்தியாவில் வசிப்பவர்களுக்கான அடையாள எண். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் (கடைசி நேர) டிக்கெட் எடுக்க, கணக்கில் ஆதாரைச் சரிபார்த்திருக்க வேண்டும். பிறகு சாதாரண முன்பதிவிலும், திறந்த முதல் நேரத்தை ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தரகர்களின் கள்ள மென்பொருளைத் தடுக்கக் கொண்டுவந்தது, நல்ல நோக்கம்தான். ஆனால் ஆதார் இல்லாத வெளிநாட்டுக்காரர் வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறார். "கடைசி நேரத்தில் தட்கல் இருக்கே, ஏன் கவலை?" என்று இங்கே இருக்கிற சொந்தக்காரர் சொன்னால், அது அவருக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது.

வழி இல்லாமல் இல்லை. ரயில்வேயின் டிக்கெட் தளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் வெளிநாட்டு மொபைல் எண்ணையும் பாஸ்போர்ட்டையும் வைத்துக் கணக்குத் தொடங்கலாம். சிறு கட்டணம் உண்டு. இதைக் கடைசி வாரத்தில் செய்யாதீர்கள். ஓ.டி.பி. வராமல் இருக்கும், வங்கி அட்டையைத் தளம் ஏற்காது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் போய்விடும். சென்னையில் நம்பிக்கையான உறவுக்காரர் இருந்தால் அவர் தன் சொந்தக் கணக்கில் உங்களுக்கு எடுத்துத் தரலாம். சொந்தபந்தத்துக்கும் நண்பர்களுக்கும் எடுத்துக் கொடுப்பது குற்றமில்லை என்று 2024-இல் ரயில்வேயே தெளிவுபடுத்தியது. காசு வைத்து விற்பதுதான் குற்றம். பெயர் விஷயத்தில் ஒரு குறிப்பு. மலேசிய பாஸ்போர்ட்டில் இன்னார் ஏ/பி (மகள்) இன்னார் என்று நீளமாக இருக்கும். டிக்கெட்டில் பெயருக்கு இடம் குறைவு, சாய்கோடு ஏற்காது. உங்கள் பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே போடுங்கள், அப்பா பெயரை விட்டுவிடலாம். பெயரும் முகமும் பொருந்துகிறதா என்றுதான் பரிசோதகர் பார்ப்பார். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் படத்தைக் காட்டி வாதாட வேண்டாம்.

வெளிநாட்டுப் பயணிகள் கோட்டாவை நேரிலும் எடுக்கலாம். புதுடெல்லி ஸ்டேஷனில் பஹார்கஞ்ச் பக்கக் கட்டடத்தின் முதல் மாடியில் அதற்கென்றே அலுவலகம் இருக்கிறது. சென்னையில் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் கட்டடத்து முன்பதிவு மையத்தில் கேளுங்கள். எல்லா வண்டியிலும் இந்தக் கோட்டா கிடையாது. இருக்கிற வண்டியிலும் நாலைந்து இடம்தான் இருக்கும். டெல்லியில் ஒரு பழைய ஏமாற்று வேலை நடக்கிறது. மாடிப்படி ஏறப்போகும்போது நல்ல உடை உடுத்திய ஒருவர் வந்து, "அந்த ஆபீஸ் மூடிவிட்டது, இடம் மாறிவிட்டது, வாருங்கள் காட்டுகிறேன்" என்பார். ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் டிராவல்ஸில் கொண்டுபோய் உட்கார வைப்பார். ரயிலில் டிக்கெட்டே இல்லை, கார் எடுங்கள் என்று அங்கே சொல்வார்கள். யார் என்ன சொன்னாலும் படி ஏறி உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி வெயிட்டிங் லிஸ்ட். டிக்கெட் எடுக்கும்போது 'டபிள்யு.எல். 45 / டபிள்யு.எல். 12' என்று காட்டினால், முதல் எண் வரிசையில் வழங்கப்பட்ட எண், இரண்டாவது இப்போது நிற்கும் இடம். ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏறலாம். ஒரு சைடு லோயர் பெர்த்தை இரண்டு பேர் உட்கார்ந்து பகிர வேண்டும், யாராவது வராவிட்டால் முழுப் பெர்த் கிடைக்கும். வெயிட்டிங் லிஸ்ட் அப்படியில்லை. இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கில் நின்றால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். கவுன்டர் டிக்கெட்டாக இருந்தாலும் முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது. 'ஏறிவிட்டு டி.டி.இ.யிடம் கேட்டுக்கொள்ளலாம்' என்ற பழைய பேச்சு இப்போது செல்லாது. என் காலத்தில் கையில் காகித சார்ட், காதில் பேனா. இப்போது கையடக்கக் கருவி. காலியான இடம் தானாக ஆர்.ஏ.சி.க்காரருக்குப் போய்விடுகிறது. முன்பு வண்டி கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போது சார்ட் போட்டார்கள். 2025-லிருந்து வெகு முன்னதாகவே, காலை வண்டிகளுக்கு முந்தின இரவே போட்டுவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இது நல்லதுதான், மாற்று ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும். எந்த எண் உறுதியாகும் என்று சில ஆப்கள் சதவீதம் காட்டும். அது பழைய கணக்கை வைத்துப் போடும் ஊகம். வயதான அம்மாவை அந்த ஊகத்தில் ஏற்றாதீர்கள்.

இங்கே கவுன்டர்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நுணுக்கம் சொல்கிறேன். ஒரு வண்டிக்குப் பெரும்பாலான பெர்த்துகள் அது புறப்படும் ஸ்டேஷன் கணக்கில்தான் இருக்கும். நடுவில் உள்ள ஊர்களுக்குக் கொசுறு அளவுதான். ஆக்ராவிலிருந்து சென்னைக்குப் பார்த்தால் வெயிட்டிங் காட்டும்; அதே வண்டியில் புதுடெல்லியிலிருந்து சென்னைக்குப் பார்த்தால் பெர்த் இருக்கும். அப்போது டெல்லியிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் இடம் என்ற கட்டத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட் என்று போடுங்கள். கொஞ்சம் கூடுதல் பணம் ஆகும், ஆனால் பெர்த் உறுதி. ஏறும் இடத்தை மாற்றிப் போடாமல் நடுவில் போய் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். டெல்லியில் ஆள் வரவில்லை என்று குறித்து அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் கேட்க முடியாது.

எந்த வகுப்பு என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை: செகண்ட் ஏ.சி. பலரும் தேர்ட் ஏ.சி. போதும் என்பார்கள். இளைஞர்களுக்குப் போதும்தான். தேர்ட் ஏ.சி.யிலும் ஸ்லீப்பரிலும் ஒரு அறைக்கு எட்டுப் பெர்த். 1, 4 கீழே; 2, 5 நடுவில்; 3, 6 மேலே; 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். அடுத்த அறையில் 9-லிருந்து இதே வரிசை. நடுப் பெர்த்தைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. இரவு 10 முதல் காலை 6 வரை நடுப் பெர்த்காரருக்குப் படுக்க உரிமை உண்டு. மூட்டு வலிக்காரர் இரவில் இரண்டு தடவை எழுந்து காலை நீட்டி உட்கார நினைத்தால் தலை இடிக்கும். செகண்ட் ஏ.சி.யில் நடுப் பெர்த் கிடையாது, அறைக்கு ஆறுதான்: 1, 3 கீழே, 2, 4 மேலே, 5 சைடு லோயர், 6 சைடு அப்பர். டிக்கெட் எடுக்கும்போது 'குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்று ஒரு விருப்பம் இருக்கும், அதை மறக்காமல் டிக் செய்யுங்கள். ஏ.சி. பெட்டிகளில் விரிப்பு, தலையணை, கம்பளி தருவார்கள்; ஸ்லீப்பரில் தர மாட்டார்கள். டிசம்பரில் வடக்கே ஸ்லீப்பர் ஜன்னல் இடுக்கில் வரும் காற்று உங்கள் அம்மாவின் முட்டிக்கு ஆகாது.

இப்போது நான் பணியில் அதிகம் பார்த்த தவறு, தேதிக் குழப்பம். விஜயவாடாவில் ராத்திரி 12 மணி 20 நிமிஷத்துக்குச் சென்னைப் பக்கம் போகிற ஒரு வண்டி. ஏ.சி. பெட்டி வாசலில் நான் நிற்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம், நாலு பேர், ஆளுக்கொரு பெரிய பெட்டி. அப்பா பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த டிக்கெட்டை விரித்துக் காட்டுகிறார். 14-ஆம் தேதி, 00:20. அன்று அவர்கள் ஓட்டலில் சாப்பிட்டு, கோயிலுக்குப் போய், சாவகாசமாக 14-ஆம் தேதி இரவு வந்திருக்கிறார்கள். ஆனால் 14-ஆம் தேதி 00:20 என்பது 13-ஆம் தேதி இரவு தூங்கப்போகும் நேரம். அவர்களுடைய வண்டி முந்தின இரவே போய்விட்டது. "ஐயா, தேதி சரியாத்தானே இருக்கு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சட்டப்படி அவர்கள் டிக்கெட் இல்லாதவர்கள். நெல்லூரில் இரண்டு இடம் காலியாயிற்று; அதுவரை பெட்டிகள் மேலேயே உட்கார்ந்து வந்தார்கள். கட்டணமும் அபராதமும் சேர்த்து இ.எஃப்.டி. புத்தகத்தில் ரசீது எழுதும்போது எனக்கே கை கூசியது. ராத்திரி 12 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் நடுவே ஏறுகிற டிக்கெட் எதுவாக இருந்தாலும், 'நான் எந்தக் கிழமை இரவு ஸ்டேஷனுக்குப் போகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எடுங்கள். நடுவழி ஊர்களில் ஏறும்போதுதான் இது மாட்டும்.

அடுத்த குழப்பம், ஒரு ஊருக்குப் பல ஸ்டேஷன். சென்னையில் வடக்கே போகிறவை பெரும்பாலும் சென்ட்ரலிலிருந்து, மதுரைப் பக்கம் போகிறவை எழும்பூரிலிருந்து. எழும்பூரில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் 25 கிலோமீட்டர். டெல்லியில் புதுடெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் என்று நாலு. சென்னை ராஜதானி நிஜாமுதீனில்தான் நிற்கும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லிக்குப் போகும். காசிக்கு வாரணாசி ஜங்ஷன், பனாரஸ் (பழைய மண்டுவாடி), இவை தவிர ஊருக்கு 17 கிலோமீட்டர் தள்ளி தீன் தயாள் உபாத்யாயா ஜங்ஷன். பெரியவர்கள் அதை இன்னும் மொகல்சராய் என்பார்கள், 2018-இல் பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் இருக்கிற ஆங்கில எழுத்துக் குறியீட்டை ஆட்டோக்காரரிடம் காட்டுங்கள், பேச்சில் விடாதீர்கள். வண்டியையும் ஐந்து இலக்க எண்ணால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எண் என்றால் சிறப்பு ரயில். அதற்குத் தண்டவாளத்தில் கடைசி மரியாதைதான். மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு வரும். வேறு கதியில்லாவிட்டால் ஏறுங்கள்.

உங்கள் வரிசையைத்தான் நான் மாற்றச் சொல்வேன். தெற்கை முடித்துவிட்டு வடக்கே போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் கிறிஸ்துமஸை ஒட்டிக் காசியில் இருப்பீர்கள். டிசம்பர் பின்பாதியிலிருந்து ஜனவரி வரை கங்கைச் சமவெளியில் பனிமூட்டம் இறங்கும். காலையில் நீட்டிய கை தெரியாது, சிக்னல் தெரியாமல் டிரைவர் ஊர்ந்து வருவார். அந்த மாதங்களில் சில வண்டிகளை முன்கூட்டியே ரத்தும் செய்துவிடுகிறார்கள். நானே ஒரு ஜனவரியில் கான்பூருக்கு முன்னால் வயல் நடுவே ஆறு மணி நேரம் நின்ற வண்டியில் இருந்திருக்கிறேன். வெளியே வெள்ளைத் திரை, உள்ளே டீ தீர்ந்துவிட்டது. எந்த நாள் மூடும், எந்த நாள் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் டிசம்பர் முன்பாதியில் ஆபத்து குறைவு என்பது நிச்சயம். அதனால் சென்னையில் இறங்கி இரண்டு நாள் ஓய்வு எடுத்துவிட்டு முதலில் வடக்கே போங்கள்.

சென்னையிலிருந்து காசிக்கு நேராகப் போகும் வண்டிகள் குறைவு. கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டே நாள், ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் பனாரஸுக்குப் போகிறவை வாரம் ஒருமுறை. ரயில்காரனான நானே சொல்கிறேன், இந்த ஒரு பகுதிக்கு விமானம் எடுங்கள். அம்மாவின் முதல் நீண்ட பயணத்தையே இரண்டு இரவு ரயிலாக்க வேண்டாம். காசியிலிருந்து டெல்லிக்குப் பகல் நேர வந்தே பாரத் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நாட்டிலேயே முதலாவதாக விட்ட வந்தே பாரத் இந்தத் தடத்தில்தான். சுமார் 8 மணி நேரம், உட்கார்ந்து போகிற நாற்காலிகள், சாப்பாடு கொடுப்பார்கள். டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு நிஜாமுதீனில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடும். வெள்ளிக்கிழமை ஓடாது, தாஜ்மகாலுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. நாள் குறிக்கும்போது இதைப் பாருங்கள். திரும்பி வரும்போது சென்னைக்கு அந்த 33 மணி நேர ரயிலில் வாருங்கள். இதை மட்டும் விமானமாக மாற்றிவிடாதீர்கள். நாக்பூர் ஆரஞ்சுக் கூடைகளும் பலார்ஷாவுக்குப் பிறகு மாறுகிற மண் நிறமும் ஜன்னலில் பார்த்தால்தான் இந்த நாட்டின் அளவு மனதில் நிற்கும்.

மதுரை, ராமேஸ்வரத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டால் மொழிக் கவலை இல்லை, கொஞ்சம் மாறினாலும் சமாளிக்கலாம். சென்னையிலிருந்து மதுரைக்கு மட்டும் முன்பதிவு வேண்டும்; வைகையோ, நாகர்கோவில் வந்தே பாரத்தோ, பகலிலேயே போய்விடலாம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 160 கிலோமீட்டர். பாம்பன் பழைய பாலம் பழுதாகி 2022 டிசம்பரிலிருந்து ரயில் தீவுக்குள் போகாமல் இருந்தது; 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகு மறுபடி போகிறது. பஸ்ஸும் அடிக்கடி இருக்கிறது. இந்தப் பகுதிதான் நீங்கள் கேட்ட 'போகிற போக்கில்' பயணத்துக்குச் சரியான இடம்.

ஸ்டேஷனில் நடப்பது பற்றிக் கொஞ்சம். நீண்ட வண்டி 22 பெட்டி இருந்தால் அரைக் கிலோமீட்டருக்கு மேல். உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று பிளாட்பார மின்பலகையில் காட்டும். அதன் கீழே முன்பே போய் நின்றுவிடுங்கள். சின்ன ஸ்டேஷன்களில் 2 நிமிஷம்தான் நிற்கும், அம்மாவோடு ஓட முடியாது. பெரிய ஸ்டேஷன்களில் பேட்டரி காரும் சக்கர நாற்காலியும் உண்டு, கேட்டால்தான் வரும். சிவப்புச் சட்டைப் போர்ட்டரிடம் பெட்டியைத் தூக்குவதற்கு முன்பே கூலி பேசிவிடுங்கள். விமானத்துக்கு வாங்குகிற கடினமான பெரிய சூட்கேஸ் பல பெர்த்துகளின் அடியில் நுழையாது. இரண்டு நடுத்தரப் பைகளாக மாற்றுங்கள். பையைப் பெர்த் கீழே உள்ள வளையத்தில் கட்ட ஒரு சங்கிலியும் பூட்டும் பிளாட்பாரத்திலேயே விற்பார்கள். கிளோக் ரூமிலும் பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள். காசியில் ஸ்டேஷனிலிருந்து கோதோலியா நாற்சந்தி வரைக்கும்தான் வண்டி வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் படித்துறைச் சந்துகளில் நடைதான். அறை எடுக்கும்போது 'வாசல்வரை ரிக்‌ஷா வருமா' என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பணத்தை முழுக்க அட்டையில் வைக்காதீர்கள். இங்கே டீக்கடை வரைக்கும் யு.பி.ஐ. (போனில் பணம் கட்டும் முறை) வந்துவிட்டது, அது இல்லாத வெளிநாட்டுக்காரருக்குச் சில்லறை நோட்டுத்தான் துணை. உள்ளூர் சிம் கார்டு இறங்கிய அன்றே வாங்குங்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் ஆட்டோ ஆப்பும் வேலை செய்யாது, ரயில் தாமதச் செய்தியும் வராது. வண்டி எங்கே வருகிறது என்று 139-ஐ அழைத்துக் கேட்கலாம். ஓடும் வண்டியில் உடம்புக்கு முடியாமல் போனாலும், பக்கத்தில் யாராவது தொந்தரவு செய்தாலும் அதே எண்தான். ஏறும் ஸ்டேஷனுக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருகிறது என்றால், பயணம் வேண்டாம் என்று முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் வண்டி அந்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் ஆன்லைனில் டி.டி.ஆர். என்ற, பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, ஈப்போ திரும்பும் விமானத்துக்கும் அதற்கு முந்தின ரயிலுக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராத்திரி வண்டி பிடித்து, காலையில் தாம்பரத்தில் இறங்கி, மத்தியானம் விமானம் ஏறலாம் என்று இந்த வரிசையில் உங்களுக்குத் தோன்றும். அந்த எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இறங்க வேண்டிய ஊர் வருவதற்கு அரை மணி முன்பாகப் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். நான் டியூட்டியில் இருந்தபோது எழுப்பிவிட்டிருக்கிறேன், பெரியவர்களை மட்டும்.